இரண்டும் அறுபதும்

ப்ரூக்கன்தால், 8 மே 1994, ஞாயிறு

லெஷெக்,

என் ஏவால்ட் மண்ணுக்குள் போய் ஏழு வாரம் ஆகிறது. நீ வரவில்லை. பெட்டியைத் தூக்க ஆறு பேர் வேண்டும். ஆறாவது இடம் உனக்கென்று வைத்திருந்தேன். கடைசியில் ஆலை வாசல் காவலர் ஹைனர் வந்து தோள் கொடுத்தார். அவருக்கு இடுப்பில் வலி, நொண்டிக்கொண்டே நடந்தார். பெட்டியும் கூடவே நொண்டியது. உயிரோடு இருந்திருந்தால் ஏவால்ட் அதைப் பார்த்துச் சிரித்திருப்பார்.

நீ குடியிருந்த வீட்டுக்காரி, மூன்றாம் நாளே சாவியைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டாய் என்றாள். சைக்கிளைக்கூட எடுக்கவில்லை. அது என் கொட்டகையில் நிற்கிறது. இந்த முகவரியை, நீ ஊரிலிருந்து அனுப்பிய கிறிஸ்துமஸ் அட்டையில் பார்த்து எழுதுகிறேன். எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

ஆலையிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. பதினாலாம் இயந்திரத்துக்குப் பிளாஸ்டிக் மணி அனுப்பச் சொல்லும்போது ஏவால்ட் பேசுகருவியில் தப்பான எண்ணைச் சொல்லிவிட்டாராம். அறுபத்திரண்டுக்குப் பதில் இருபத்தாறு. அதனால்தான் அப்படி ஆயிற்றாம். எண்ணிப் பார்த்தேன், மூன்றே வரி.

லெஷெக், அவர் புறா வளர்த்த மனிதர். புறாவின் காலில் இருக்கும் வளையத்தில் கடுகு மாதிரி ஏழு எண் இருக்கும். கண்ணாடி போடாமல் படித்து, ஒரு வருஷம் கழித்துக் கேட்டாலும் சொல்வார். அவரா மாற்றிச் சொன்னார்?

அதுவும் உன்னிடம்! எங்கள் ஆட்கள் அறுபத்திரண்டை ‘இரண்டும் அறுபதும்’ என்று சின்னதை முன்னால் வைத்துத்தான் சொல்வோம். நீ வந்த புதிதில் காதில் விழுந்த வரிசையிலேயே எழுதி எல்லாவற்றையும் இருபத்தாறு ஆக்கிவிடுவாய். அதனால் உனக்கு மட்டும் உங்கள் ஊர் மாதிரி பெரியதை முன்னால் வைத்து ‘அறுபது, இரண்டு’ என்பார். எங்கள் வீட்டு மேசையில் உட்கார்ந்து உருளைக்கிழங்கு சூப் குடிக்கும்போதும் உனக்காக அப்படித்தான் பேசுவார். மகள் ஸில்கே சிரிப்பாள். ஒன்பது வருஷம் அப்படிச் சொன்னவர் அன்றைக்கு மட்டும் எப்படித் தப்பாகச் சொல்வார்?

நீங்கள் ஸ்டேஷன் என்று சொல்லும் அந்தச் சுவரை ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறேன், குடும்பத்தாரை ஆலைக்குள் விட்ட நாளில். எழுபது இரும்பு வாய். ஒவ்வொரு வாய்க்குப் பின்னாலும் ஒரு குழாய். குழாயின் அந்தக் கோடியில், வெளியே நிற்கும் தொட்டியில் ஒரு வகைப் பிளாஸ்டிக் மணி. இந்தப் பக்கம் இயந்திரங்களிலிருந்து வரும் ரப்பர்க் குழல்கள். “எந்த வண்டி எந்தத் தண்டவாளத்துல போகணும்னு லெஷெக்தான் முடிவு பண்ணுவான்”னு ஏவால்ட் சொன்னார். நீ உடனே, “தப்பா விட்டா பெர்லின் போறவன் பாரிஸ்ல எறங்குவான், பானி மார்லிஸ்”னு, உங்கள் பாஷையில் என்னை அம்மா என்று மரியாதையாகக் கூப்பிட்டுச் சொன்னாய். எல்லோரும் சிரித்தோம்.

அன்றைக்கு ஸ்டேஷனில் நின்றது நீதான். அவர் என்ன சொன்னார்? அதை மட்டும் எழுது.

மார்லிஸ்

—

தார்னுவ் அருகே, 23 மே 1994

மதிப்பிற்குரிய பானி மார்லிஸ்,

உங்கள் கடிதம் கிடைத்தது. அகராதியை வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

அடக்கத்துக்கு வராததற்கு மன்னிப்புக் கேட்கிறேன். அம்மாவுக்கு உடல் நலமில்லை என்று எழுத நினைத்தேன். அம்மா நன்றாக இருக்கிறார்.

நீங்கள் கேட்டதற்குப் பதில்: என் காதில் விழுந்ததை நான் செய்தேன். ஆலை விசாரணைத் தாளில் எழுதியிருப்பதுதான் என் காதில் விழுந்தது. வேறு சொல்ல இல்லை.

இங்கே ஒரு மாவு ஆலையில் வேலை கேட்கப் போனேன். அங்கேயும் கூரை நெடுகக் குழாய்கள். உள்ளே மாவு ஓடும் சத்தம் கேட்டது. தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். இப்போது மாமாவோடு வேலிக் கம்பம் நடுகிறேன்.

சைக்கிளை யாருக்காவது கொடுத்துவிடுங்கள். பின்சக்கரத்துக்குக் காற்று நிற்காது. ஏவால்ட் ஒட்டித் தருவதாகச் சொல்லியிருந்தார்.

லெஷெக்

—

ப்ரூக்கன்தால், 5 ஜூன் 1994, ஞாயிறு

லெஷெக்,

வேறு சொல்ல இல்லை என்று எழுதுகிறவனுக்கு அகராதி எதற்கு?

ஸில்கே ஆலையிலிருந்து அந்த விசாரணைத் தாளின் நகலை வாங்கி வந்தாள். கீழே மேஸ்திரி க்ரூனரின் கையெழுத்து, பக்கத்தில் உன் கையெழுத்து. ‘இயந்திரத்திலிருந்து இருபத்தாறு என்று சொல்லப்பட்டது.’ என் புருஷன் தன் சாவைத் தானே கேட்டு வாங்கினார் என்று இரண்டு பேர் சாட்சி சொல்லியிருக்கிறீர்கள். அவர் கையால் சாப்பிட்டவன் ஒருத்தன்.

நகல் எப்படிக் கிடைத்தது என்று கேட்பாய். ஸில்கே இப்போது அங்கேதான் வேலை செய்கிறாள். பேக்கரியை விட்டுவிட்டாள். மேஸ்திரியே வீட்டுக்கு வந்து, “ஏவால்ட் எடத்துல வேற யாரையோ போட எனக்கு மனசு வரலம்மா”ன்னார். காப்பி கொடுத்தேன். அவர் குடித்துவிட்டுப் போனபிறகு அந்தக் கோப்பையை மூன்று தடவை கழுவினேன். ஏன் என்று தெரியவில்லை.

வேண்டாம் என்று சொன்னேன். “ஏம்மா, அப்பா இருபத்தெட்டு வருஷம் பாத்த வேலை”ன்னாள். “அப்பாவ என்ன பண்ணுச்சுன்னு பாத்தல்ல?”ன்னு கேட்டேன். ரொட்டியை நறுக்கி முடித்தாள். அப்புறம் சொன்னாள்: “அப்பா ஒரே ஒரு தடவ தப்பாச் சொல்லிட்டாரும்மா. நான் சொல்ல மாட்டேன்.”

பார்த்தாயா? அவர் பெற்ற பிள்ளையே நம்பிவிட்டாள், உன் கையெழுத்தைப் பார்த்து.

பதினாலாம் இயந்திரத்துக்குப் புதுச் சூட்டுக்குழல் மாட்டிவிட்டார்கள். சுவருக்கும் வெள்ளை அடித்தார்களாம். இரண்டு கை அடித்தும் ஒரு இடத்தில் அன்றைக்கு வெடித்துத் தெறித்த மஞ்சள் மறுபடி மேலே வருகிறதாம். அதன் முன்னால்தான் ஸில்கே நிற்கிறாள். இப்போதைக்கு டப்பா மூடிதான் செய்கிறார்கள்.

எங்கள் வீடு ஆலைக்குக் கீழே இருப்பது உனக்குத் தெரியும். மணி குழாயில் ஏறும்போதெல்லாம் தகரத்தில் ஆலங்கட்டி விழுகிற மாதிரி கேட்கும். முன்பு அது காதில் விழுந்ததே இல்லை. இப்போது ஒவ்வொரு தடவையும் கையிலிருப்பதைக் கீழே வைத்துவிட்டு, சத்தம் நிற்கும்வரை நிற்கிறேன்.

மார்லிஸ்

—

தார்னுவ் அருகே, 14 ஜூன் 1994

பானி மார்லிஸ்,

ஸில்கேயை அந்த இயந்திரத்திலிருந்து எடுத்துவிடுங்கள். பேக்கரிக்கே அனுப்புங்கள்.

காரணம் கேட்காதீர்கள். பேசுகருவியில் சத்தம் சரியாக வராது. கூரையில் குழாய் இரையும்போது பாதி வார்த்தைதான் ஸ்டேஷனுக்கு வரும். அதை மேஸ்திரியிடம் பல தடவை சொல்லியிருக்கிறோம். இதுவே போதுமான காரணம்.

என் இடத்தில் ஸ்டேஷனில் யார் நிற்கிறார்?

லெஷெக்

—

ப்ரூக்கன்தால், 3 ஜூலை 1994, ஞாயிறு

லெஷெக்,

உன் மேல் எனக்கு இன்னும் கோபம்தான். ஆனால் இந்த வீட்டில் பேச ஆளில்லை. உன்னைத் திட்டுவதற்காவது பேனாவை எடுக்கிறேன்.

உன் இடத்தில் இருப்பவர் இத்ரீஸ். மொராக்கோக்காரர், ஃபெஸ் பக்கம். ஐம்பது வயது இருக்கும். நல்ல மனுஷர், கை சுத்தம், பேச்சு சுத்தம். போன ஞாயிறு ஸில்கே அவரைக் காப்பிக்குக் கூட்டி வந்தாள். செர்ரிப் பழம் போட்டுக் கேக் செய்தேன். ஏவால்ட் போனபிறகு அடுப்பைச் சூடாக்கியது அன்றைக்குத்தான்.

காப்பியில் ஐந்து கரண்டி சர்க்கரை போட்டார். “பாத்துங்க, கரண்டி நின்னுடப் போவுது”ன்னேன். “நின்னாத்தாம்மா அது காப்பி”ன்னார். எத்தனையோ நாளைக்குப் பிறகு சிரித்தேன். சிரித்துவிட்டு ஏவால்டின் காலி நாற்காலியைப் பார்த்தேன்.

ஸில்கே புறாக்களுக்குத் தீனி வைக்கப் போயிருந்தபோது, எங்கள் பாஷை கஷ்டமாக இல்லையா என்று கேட்டேன். “எல்லாமே கஷ்டம்தான் மார்லிஸம்மா. சுலபமா வந்தது எண்ணு ஒண்ணுதான். எங்க ஊர்லயும் உங்கள மாதிரி சின்னதத்தான் முன்னாடி சொல்வோம்”ன்னார். எவ்வளவு தூரத்திலிருந்து வந்தவர், எங்களை மாதிரியே எண்ணுகிறார். கேட்க நன்றாக இருந்தது.

ஸில்கே அவருக்கு எண் சொல்லும்போது அப்பா மாதிரியே சொல்கிறாளாம். உனக்கு அவர் சொல்வாரே, பெரியதை முன்னால் வைத்து, அப்படி. “வெளியூர்க்காரங்களுக்கு அப்படிச் சொன்னாத்தான் புரியும்னு அப்பா சொல்வாரும்மா. பொத்தான அழுத்தி அப்படிச் சொல்லும்போது அப்பா கூட நிக்கிற மாதிரி இருக்கு”ன்னாள். நான் எழுந்துபோய்த் தட்டுக் கழுவினேன்.

வேலையை விடு என்று நானும் சொல்லிப் பார்த்தேன். கேட்கமாட்டாள். இதுவரை முப்பத்துமூன்றும் நாற்பத்துநாலும்தான், மூடி செய்கிற மணி. பதிமூன்றாம் தேதி புதன்கிழமை பல்சக்கர வேலை மறுபடி தொடங்குகிறதாம். அந்த வெள்ளை மணி, உன் அறுபத்திரண்டு. மார்ச்சுக்குப் பிறகு அந்த வாயைத் திறக்கவே இல்லையாம். “அப்பா விட்ட வேலைய நான் முடிக்கிறேம்மா”ங்கிறாள்.

உன் பின்சக்கரத்தை நானே ஒட்டிவிட்டேன். இன்னும் காற்று நிற்கிறது.

மார்லிஸ்

—

தந்தி
12 ஜூலை 1994

ஸில்கே இத்ரீஸிடம் எண் சொல்லக் கூடாது. அவர் உங்களைப்போல் எண்ணுகிறவர். 62 அவருக்கு 26 ஆகும். உடனே தடுக்கவும். கடிதம் வருகிறது. லெஷெக்

—

தார்னுவ், தபால் நிலையம், 12 ஜூலை 1994

பானி மார்லிஸ்,

உங்கள் கடிதம் இன்று காலைதான் வந்தது. வேலிக் கம்பத்தை அப்படியே போட்டுவிட்டுப் பேருந்தில் இங்கே வந்தேன். இரண்டு தடவை தொலைபேசியில் அழைத்தேன், நீங்கள் எடுக்கவில்லை. ஆலை எண்ணுக்கும் அழைத்தேன். மேஸ்திரி என் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டார். தந்தி கொடுத்திருக்கிறேன். கவுண்டரிலேயே நின்று இதை எழுதுகிறேன்.

ஏவால்ட் தப்பாகச் சொல்லவில்லை.

அன்று மேஸ்திரி அவர் பக்கத்தில் நின்றார். ஏவால்ட் பொத்தானை அழுத்தி ‘அறு...’ என்று தொடங்கினார், எனக்குச் சொல்வது போல. மேஸ்திரி குறுக்கிட்டது எனக்கும் கேட்டது. “இதென்ன பாலர் பள்ளிக்கூடமா? ஒம்போது வருஷமாச் சோறு திங்கிறான் இங்க. ஒழுங்கா ஜெர்மன்ல சொல்லு.” ஏவால்ட் கொஞ்சம் நிறுத்தினார். அப்புறம் உங்கள் முறையில் சரியாகச் சொன்னார்: இரண்டும் அறுபதும். மேலே நான்கு குழாய் ஒரே நேரத்தில் இரைந்துகொண்டிருந்தது. எனக்கு வந்தது ‘இரு’, அப்புறம் ‘அறு’. ஏவால்ட் குரலில் முதலில் வருவது எப்போதும் பெரியதுதான். ஒன்பது வருஷப் பழக்கம். மேஸ்திரி சொன்னதை யோசிப்பதற்குள் கை தானாக இருபத்தாறுக்குப் போனது.

இருபத்தாறில் பி.வி.சி. மணி. அதுவும் அந்த வெள்ளை மணியும் சூட்டில் சந்திக்கக் கூடாது, சந்தித்தால் சூட்டுக்குழல் வெடிக்கும். ஆலையில் எல்லோருக்கும் தெரியும்.

இன்னும் இருக்கிறது. வெள்ளை மணி குழாயில் ஏறினால் கண்ணாடி மாதிரி கணகணக்கும். பி.வி.சி. சரளை மாதிரி. நெம்புகோலைத் தள்ளியதுமே சரளைச் சத்தம் கேட்டது. அந்த முதல் நிமிஷத்திலேயே எனக்குத் தெரியும், பானி மார்லிஸ். பொத்தானை அழுத்தி ‘எது?’ என்று கேட்டிருந்தால் போதும். அந்தப் பக்கம் மேஸ்திரி நின்றார். பாலர் பள்ளிக்கூடம் என்று மறுபடி சொல்வார். வெட்கமாக இருந்தது. தப்பாக இருந்தால் ஏவால்ட் இயந்திரத்துப் புனலுக்குள் விழும் மணியைப் பார்த்துவிட்டுக் கூப்பிடுவார் என்று நினைத்தேன். அவர் பார்க்கவில்லை. மேஸ்திரி அவரைப் பேச்சில் பிடித்து வைத்திருந்திருக்கிறார். இருபத்தைந்து நிமிஷம் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு சும்மா நின்றேன்.

பிறகு மேஸ்திரி தாளை நீட்டினார். “ஒன் காதுல விழுந்தது இருபத்தாறுதான? அப்ப போடு கையெழுத்த.” காதில் விழுந்தது அதுதான். போட்டேன்.

இப்போது ஸில்கே. இத்ரீஸ் நான் இல்லை. அவருக்கு முதலில் வருவது சின்னது. அந்த இரைச்சலில் அவள் ‘அறுபது, இரண்டு’ என்றால் அவருக்கு ‘ஆறும் இருபதும்’ என்றுதான் விழும். முப்பத்துமூன்றையும் நாற்பத்துநாலையும் எந்தப் பக்கம் திருப்பினாலும் அதேதான், அதனால் இதுவரை யாருக்கும் தெரியவில்லை. நாளைக்கு அறுபத்திரண்டு.

மறுபடி அழைக்கப் போகிறேன்.

லெஷெக்

—

ப்ரூக்கன்தால், 21 ஜூலை 1994, வியாழன்

லெஷெக்,

நீ அழைத்தது எனக்குக் கேட்டிருக்காது. ஆலை வக்கீல் அழைக்கத் தொடங்கியதிலிருந்து தொலைபேசிக் கம்பியைப் பிடுங்கி வைத்திருக்கிறேன்.

தந்தி புதன்கிழமை ஒன்பதரைக்கு வந்தது. அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். ஸில்கே ஆறு மணிக்கே போய்விட்டாள். தந்தி முழுசாகப் புரியவில்லை. ஆனால் அந்த இரண்டு எண்ணும் எனக்குத் தெரியும். ஏவால்டின் பழைய ரொட்டி டப்பாவை எடுத்துக்கொண்டு, ஏப்ரனோடு, உன் சைக்கிளில் மேடு ஏறினேன்.

வாசலில் ஹைனரிடம், ஸில்கே சாப்பாட்டை மறந்துவிட்டாள் என்றேன். டப்பாவை ஆட்டிப் பார்த்தார். “என்ன மார்லிஸ், காலியா இருக்கு?” “உள்ள பாலாடைக்கட்டி. அது சத்தம் போடாது”ன்னேன். என் முகத்தைப் பார்த்தார். வாசல் தடுப்புக் கம்பைத் தூக்கிவிட்டார்.

ஸ்டேஷனில் இத்ரீஸ் என்னைப் பார்த்ததும், “மார்லிஸம்மா! கேக்கா?”ன்னார். நான் பதில் சொல்வதற்குள் பேசுகருவி கரகரத்தது. மேலே குழாய்கள் இரைந்தன. ஸில்கே குரல். அவள் அப்பா சொல்கிற அதே இழுப்பு. அறு... இரு...

“சரி”ன்னு இத்ரீஸ் குழலை எடுத்தார். நல்ல மனுஷர், கொஞ்சமும் தயங்காமல், சந்தோஷமாகப் போய் இருபத்தாறின் மூடியைத் திறந்தார்.

அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். “அவ என்ன சொன்னா, இத்ரீஸ்?”

“ஆறும் இருபதும்.”

அந்தப் பொத்தான் எங்கே என்று கேட்டேன். காட்டினார். சிவப்பு, விரல் பட்டுத் தேய்ந்து நடுவில் வெளுத்திருந்தது. உன் விரலாகத்தான் இருக்கும். அழுத்தினேன்.

“ஸில்கே, எது?”

“அம்மா? நீ எப்படி அங்க?”

“எதுன்னு கேட்டேன். ஒவ்வொரு எண்ணாச் சொல்லு.”

“ஆறு”ன்னாள். அப்புறம், “ரெண்டு.”

இத்ரீஸ் கையிலிருந்த குழல் கீழே விழுந்தது. அவர் இருபத்தாறின் மூடியை இழுத்துச் சாத்தினார்.

அந்தப் பொத்தானை அழுத்தக் கடையில் உப்பு விலை கேட்கிற நேரம்கூட ஆகவில்லை, லெஷெக். நான் சொல்லிக்காட்டுவதற்காக எழுதவில்லை. இல்லை, சொல்லிக்காட்டத்தான் எழுதுகிறேன்.

மேஸ்திரி வந்து என் முழங்கையைப் பிடித்து வெளியே கொண்டுவந்து விட்டார். “ஒண்ணும் நடக்கலியேம்மா. எதுக்கு இந்தக் கூத்து?”ன்னார். ஸில்கே கையுறையைக் கழற்றி அவர் மேசையில் வைத்துவிட்டு என் பின்னால் வந்தாள். சைக்கிளை அவளே தள்ளிக்கொண்டு வந்தாள். உன் கடிதம் திங்கட்கிழமை வந்தது. அவளிடமே கொடுத்தேன். புறாக்கூண்டுப் பக்கம் உட்கார்ந்து இரண்டு தடவை படித்தாள். “அப்பா சரியாத்தான் சொன்னாரு, இல்லம்மா?” அவ்வளவுதான் கேட்டாள். அப்புறம் அழுதாள், மார்ச்சில் அழாததையும் சேர்த்து.

உன் கடிதத்தைப் பாதுகாப்பு அலுவலகத்துக்கு எடுத்துப் போனேன். வெளிநாட்டிலிருந்து வந்த தாளை வைத்துக்கொண்டு ஆலையை நிறுத்த முடியாது என்கிறார்கள். கையெழுத்துப் போட்ட ஆள் நேரில் வந்து, போட்டது தப்பு என்று சொல்ல வேண்டுமாம். ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி, பத்து மணி.

உன்னை மன்னித்துவிட்டதாக நினைக்காதே. முயற்சி செய்தேன், வரவில்லை. இருந்தாலும் வா. ஏவால்டின் அறையில் படுத்துக்கொள். அறுபத்திரண்டைப் பற்றி எந்த முறையில் வேண்டுமானாலும் சொல், சத்தமாகச் சொல்.

சீக்கிரம் வா. இத்ரீஸைப் பெட்டி கட்டும் இடத்துக்கு மாற்றிவிட்டார்கள். பதினாலாம் இயந்திரத்துக்கும் ஸ்டேஷனுக்கும் புதுசாக இரண்டு பேர் வந்திருக்கிறார்களாம். எந்த ஊர்க்காரர்கள் என்று ஹைனருக்கும் தெரியவில்லை.

இதை எழுதும்போது மேலே குழாய் இரைய ஆரம்பித்துவிட்டது. பேனாவை வைத்துவிட்டுக் காது கொடுத்துக் கேட்டேன். கண்ணாடியா சரளையா என்று இவ்வளவு தூரத்திலிருந்து எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை.

மார்லிஸ்